சர்க்காரின் முழங்கை

சென்ற வருஷம் நான் ஒரு கடிதம் எழுதினேன். மிகவும் சாமர்த்தியமான கடிதம். எழுதி முடித்ததும் இரண்டு மூன்று தடவை நானே அதைப் படித்துப் பார்த்து மகிழ்ந்தேன். இன்று அந்தக் கடிதத்தை நினைத்தால் வெட்கமாயிருக்கிறது. அந்த வெட்கத்திலிருந்து பிறந்ததுதான் இந்தக் கட்டுரை.

நான் ஒரு பள்ளிக்கூட உபாத்தியாயன். பனியன் கம்பெனிகள் நிறைந்த ஊரில், பத்தாம் வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது. பருவத்துக்கு ஒரு முறை பெற்றோர் கூட்டம் கூட்டுவோம். அநேகமாக எல்லாரும் வந்துவிடுவார்கள். ஏழெட்டுப் பேர் மட்டும் எத்தனை தரம் சொல்லியனுப்பினாலும் எட்டிப் பார்ப்பதில்லை. அந்தச் சமயத்தில், வரி பாக்கி வைத்திருந்தவர்களுக்கு இங்கிலாந்து சர்க்கார் அனுப்பிய ஒரு கடிதத்தைப் பற்றிப் படித்தேன். உடனே காகிதத்தை எடுத்து, "நம் வகுப்பில் பெரும்பாலான பெற்றோர் தவறாமல் கூட்டத்துக்கு வருகிறார்கள். வராத மிகச் சிலரில் தாங்கள் ஒருவர்" என்று எழுதி, அந்த ஏழெட்டுப் பிள்ளைகள் கையிலும் கொடுத்தனுப்பினேன்.

அடுத்த கூட்டத்துக்கு மூன்று பேர் புதிதாக வந்தார்கள். எனக்கு ஒரே பெருமை! பிறகு நடந்ததைக் கட்டுரையின் முடிவில் சொல்லுகிறேன். அதற்கு முன்னால், அந்தக் கடிதத்துக்குப் பின்னால் இருக்கும் சாஸ்திரத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். இன்றைக்கு அந்தச் சாஸ்திரத்தைத் துணைக்கொண்டுதான் பல தேசத்துச் சர்க்கார்கள் ஜனங்களை நடத்திச் செல்லப் பார்க்கின்றன.

ஐந்தாவது உபாயம்

சாமம், தானம், பேதம், தண்டம் என்று நான்கு உபாயங்களை நம் முன்னோர்கள் சொல்லி வைத்தார்கள். நயமாகச் சொல்லுவது, கொடுத்து வசப்படுத்துவது, பிரித்து வைப்பது, அடித்துப் பணிய வைப்பது. அரசாங்கம் என்று ஒன்று ஏற்பட்ட நாள் முதல் இந்த நான்குக்குள்ளேதான் எல்லாம் அடங்கியிருந்தது.

2008-ஆம் வருஷத்தில் இரண்டு அமெரிக்கர்கள் ஐந்தாவதாக ஓர் உபாயத்தைப் பிரசித்தப்படுத்தினார்கள். ஒருவர் ரிச்சர்ட் தேலர் என்னும் பொருளாதாரப் பேராசிரியர். 2017-ல் நோபல் பரிசு பெற்றவர். மற்றவர் காஸ் ஸன்ஸ்டீன் என்னும் சட்ட நிபுணர். அவர்கள் எழுதிய புத்தகத்தின் பெயர் 'நட்ஜ்'. பந்தியில் பக்கத்திலிருப்பவரை முழங்கையால் லேசாக இடித்து, "பாயசம் வருகிறது, பாரும்" என்று குறிப்புக் காட்டுகிறோம் அல்லவா? அந்த இடிதான் நட்ஜ்.

அவர்களுடைய வாதம் இதுதான்: மனிதன் எப்போதும் லாப நஷ்டக் கணக்குப் பார்த்து நடக்கிறவன் அல்ல. சோம்பல் உண்டு, மறதி உண்டு, அடுத்த வீட்டுக்காரன் செய்வதைப் பார்த்துத் தானும் செய்யும் வழக்கம் உண்டு. நாளைக்கு வரப்போகும் பெரிய நன்மையைவிட இன்றைக்குக் கிடைக்கும் சிறிய சுகமே அவனுக்குப் பெரிதாகத் தோன்றும். ஆகையால் சட்டம் போட்டுத் தடுக்கவும் வேண்டாம், பணம் கொடுத்து அழைக்கவும் வேண்டாம். போஜனசாலையில் பழத்தைக் கண்ணெதிரே வைத்து, இனிப்புப் பண்டத்தைச் சற்று எட்ட வைத்தால் போதும். வேண்டுகிறவர்கள் இனிப்பை எடுத்துக்கொள்ளத் தடையில்லை. ஆனால் பெரும்பாலோர் பழத்தைத்தான் எடுப்பார்கள்.

கேட்பதற்கு எவ்வளவு இனிமையாக இருக்கிறது! செலவு இல்லை, சண்டை இல்லை, எதிர்க்கட்சி இல்லை. 2010-ல் பிரிட்டிஷ் பிரதம மந்திரி டேவிட் காமெரானின் காரியாலயத்தில் இதற்கென்றே ஒரு சிறு குழு ஏற்பட்டது. டேவிட் ஹால்பர்ன் என்னும் மனோதத்துவ நிபுணர் அதற்குத் தலைவர். பிற்பாடு அமெரிக்காவிலும், ஆஸ்திரேலியாவிலும், இன்னும் பல தேசங்களிலும் இப்படிப்பட்ட குழுக்கள் தோன்றின. நம் தேசத்திலும் 2019 ஜூலையில் மத்திய சர்க்கார் வெளியிட்ட பொருளாதார ஆய்வறிக்கை இந்தச் சாஸ்திரத்துக்கு ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கியது.

அந்தப் பிரிட்டிஷ் குழுவின் முதல் வெற்றிகளில் ஒன்றுதான் மேற்படி வரிக் கடிதம். சுமார் 1 லட்சம் பேருக்குப் பலவிதமான வாசகங்களுடன் கடிதம் அனுப்பிப் பார்த்தார்கள். "பெரும்பாலோர் வரியை உரிய காலத்தில் கட்டிவிடுகிறார்கள், இன்னும் கட்டாத மிகச் சிலரில் நீங்கள் ஒருவர்" என்னும் வாசகமே எல்லாவற்றிலும் அதிகப் பலன் தந்தது. சாதாரணக் கடிதத்தைவிட, நூறு பேரில் சுமார் 5 பேர் கூடுதலாகப் பணம் கட்டினார்கள். தபால் செலவு ஏற்கனவே உள்ளது. இரண்டு வரிகள் மாற்றியதற்குக் கிடைத்த லாபம் இது.

அபராதம் விலையான கதை

மனித சுபாவத்தை அறிந்து சட்டம் செய்யவேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. அறியாமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு இஸ்ரேல் தேசத்து ஹைஃபா நகரில் நடந்த ஒரு வேடிக்கையைச் சொல்லலாம்.

அங்கே 10 குழந்தைக் காப்பகங்கள். மாலையில் குழந்தையை அழைத்துப் போகப் பெற்றோர் சிலர் தாமதமாக வருவார்கள். அதுவரை உபாத்தியாயினி வீட்டுக்குப் போக முடியாமல் காத்திருக்கவேண்டும். இரண்டு பொருளாதார நிபுணர்கள் ஒரு பரிசோதனை செய்தார்கள். 6 காப்பகங்களில், 10 நிமிஷத்துக்கு மேல் தாமதித்தால் 10 ஷெக்கல் அபராதம் என்று அறிவித்தார்கள். தாமதம் குறைந்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? கிட்டத்தட்ட இரண்டு மடங்காயிற்று!

காரணம் தெளிவானது. முன்பெல்லாம், "பாவம், அந்த அம்மாள் காத்திருப்பாளே" என்ற கூச்சம் இருந்தது. அபராதம் வந்ததும் கூச்சம் போய்விட்டது. பத்து ஷெக்கல் கொடுத்தால் தாமதத்தை விலைக்கு வாங்கிவிடலாம்! விபரீதம் இத்துடன் நிற்கவில்லை. சில வாரங்கள் சென்று அபராதத்தை எடுத்துவிட்டார்கள். தாமதம் பழைய அளவுக்குத் திரும்பவே இல்லை. ஒரு தடவை கடைச்சரக்காகிவிட்ட மரியாதை மறுபடியும் மரியாதையாவதில்லை. 2000-ல் இந்த ஆராய்ச்சி வெளியாயிற்று. 'அபராதம் என்பது ஒரு விலை' என்பதே அதன் தலைப்பு.

ஆகவே, மனத்தின் போக்கை ஆராய்வது வீண் வேலையல்ல. கஷ்டமெல்லாம், ஆராய்ச்சிசாலையில் கண்ட உண்மையைச் சர்க்கார் காரியாலயத்துக்குக் கொண்டுவரும்போதுதான் ஆரம்பிக்கிறது.

எட்டு புள்ளி ஏழும் ஒன்று புள்ளி நான்கும்

முதல் கஷ்டம், சாஸ்திரத்தின் கணக்கே சரிதானா என்பது.

2015-ல் ஆராய்ச்சியாளர்கள் பலர் ஒன்றுகூடி, பிரபலமான மனோதத்துவப் பத்திரிகைகளில் வந்த 100 பரிசோதனைகளை மறுபடியும் செய்து பார்த்தார்கள். அவற்றில் சுமார் 36 சதவிகிதந்தான் முன்போல் நிச்சயமான பலனைக் காட்டியது.

இன்னொரு சங்கதி இதைவிட மோசமானது. பாரத்தின் அடியில் கையெழுத்து வாங்குவதைவிட, மேலேயே "உண்மையைச் சொல்லுகிறேன்" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டால் ஜனங்கள் பொய் சொல்லுவது குறையும் என்று 2012-ல் ஒரு கட்டுரை வெளிவந்தது. எவ்வளவு அழகான யோசனை! கையெழுத்தை இடம் மாற்றினால் சத்தியம் தழைக்கும்! பல தேசங்களில் இந்த யோசனையைச் சிரமேற்கொண்டார்கள். 2020-ல் அதே ஆசிரியர்கள் அதிகமான ஜனங்களைக்கொண்டு திரும்பச் செய்து பார்த்தபோது பலன் காணவில்லை. 2021-ல் வேறு சிலர் பழைய கணக்கை எடுத்துச் சோதித்தார்கள். அதில் மோட்டார் வண்டிகள் எத்தனை மைல் ஓடின என்று கொடுத்திருந்த எண்கள் இட்டுக்கட்டியவை என்று கண்டார்கள். கட்டுரை வாபஸ் பெறப்பட்டது. உண்மை பேச வைப்பதைப் பற்றிய ஆராய்ச்சியிலேயே பொய்க் கணக்கு! இதைவிடப் பரிகாசம் வேறு என்ன வேண்டும்?

எல்லாம் மோசடி என்று சொல்ல வரவில்லை. பெரும்பாலோர் நேர்மையாகத்தான் உழைக்கிறார்கள். ஆனால் பத்துப் பரிசோதனை செய்து, பலித்த இரண்டை மட்டும் பத்திரிகையில் போட்டால், படிக்கிறவர்களுக்கு எல்லாமே பலிக்கும் என்றுதானே தோன்றும்? 2022-ல் இரண்டு பொருளாதார நிபுணர்கள் இதை அளந்து பார்த்தார்கள். பத்திரிகைகளில் வெளியான பரிசோதனைகளில், முழங்கை இடியினால் நூறு பேரில் சராசரி 8.7 பேர் கூடுதலாக வழிக்கு வந்தார்கள். அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் சர்க்காருக்காகச் செய்த 126 பரிசோதனைகளை, ஒன்று விடாமல், எடுத்துப் பார்த்தபோது நூற்றுக்கு 1.4 பேர்தான்.

இந்த 1.4 பேரை அலட்சியம் செய்யக்கூடாது. செலவில்லாமல் லட்சம் பேரில் 1,400 பேர் தடுப்பூசி போட்டுக்கொண்டால் அது நல்ல காரியமே. ஆனால் 8.7 வரும் என்று வரவுசெலவுத் திட்டம் போட்டுவிட்டு, 1.4 வந்ததும் விழிக்கும் மந்திரியின் நிலைமையை நினைத்துப் பாருங்கள்!

யாருடைய மனம்?

இரண்டாவது கஷ்டம், 'மனித மனம்' என்று இந்தச் சாஸ்திரம் சொல்லுகிறதே, அது எந்த ஊர் மனிதருடைய மனம் என்பது.

2010-ல் மூன்று அறிஞர்கள் ஒரு சங்கடமான உண்மையை எடுத்துக் காட்டினார்கள். மனோதத்துவ ஆராய்ச்சிகளில் சோதிக்கப்பட்டவர்களில் 96 சதவிகிதம் பேர், உலக ஜனத்தொகையில் 12 சதவிகிதமே உள்ள பணக்கார மேல்நாடுகளைச் சேர்ந்தவர்கள். அவர்களிலும் பெரும்பாலோர் கலாசாலை மாணவர்கள். அமெரிக்கக் கலாசாலைப் பையனின் மனத்தை அளந்து, அதே அளவில் சட்டை தைத்து, ராஜஸ்தானத்துக் கிராமத்துக் குடியானவனுக்குப் போட்டால் பொருந்துமா?

ஒரே தேசத்துக்குள்ளேயே இந்த வித்தியாசம் உண்டு. அமெரிக்காவில், "உங்கள் அண்டை வீட்டார் இவ்வளவு மின்சாரம் செலவழிக்கிறார்கள், நீங்கள் இவ்வளவு" என்று வீடுகளுக்குக் கடிதம் அனுப்பும் திட்டம் ஒன்று இருந்தது. முதல் பத்து இடங்களில் நல்ல பலன். அந்தக் கணக்கை வைத்துத் தேசமெங்கும் மதிப்புப் போட்டார்கள். பின்னால் சேர்ந்த 101 இடங்களில் பலன் அந்த மதிப்பைவிடக் குறைவாகவே இருந்தது. முதலில் சேர்ந்த ஊர்களில் இருந்தவர்கள் சுற்றுச்சூழல் விஷயத்தில் ஏற்கனவே அக்கறையுள்ளவர்கள். சாமி வரம் கொடுத்தது உண்மைதான். ஆனால் கேட்டவர்கள் பக்தர்கள்!

இதில் வேறொரு வம்பும் உண்டு. இதே மாதிரிக் கடிதத்தை 2007-ல் வெளியான ஒரு கலிபோர்னியாப் பரிசோதனையில் கொடுத்தபோது, அதிகம் செலவழித்தவர்கள் குறைத்துக்கொண்டார்கள், சிக்கனமாயிருந்தவர்களோ, "நாம் ஏன் இவ்வளவு சிரமப்படவேண்டும்?" என்று கூட்டிவிட்டார்கள். அவர்களுடைய கடிதத்தில் சிரித்த முகம் ஒன்றை வரைந்து பாராட்டிய பிறகுதான் அந்த ஆபத்து நீங்கியது.

நம் தேசத்துக்கு வருவோம். 2014-ல் வட இந்தியாவில் 5 மாகாணங்களின் கிராமங்களில் ஒரு விசாரணை நடந்தது. நல்ல நிலைமையில் கக்கூஸ் உள்ள வீடுகளில்கூட, 40 சதவிகிதத்துக்கு மேற்பட்டவற்றில் ஒருவராவது வெளிக்குத்தான் போகிறார் என்று கண்டார்கள். சோம்பலா, மறதியா? இரண்டும் இல்லை. குழி நிரம்பினால் அதை யார் காலி செய்வது என்னும் பயம். அந்த வேலையைத் தீண்டாமை ஒரு சாதியார் தலையில் கட்டி வைத்திருந்தது. தாங்கள் செய்தால் தீட்டு என்று மற்றவர்கள் நினைத்தார்கள். மேல்நாட்டுப் புத்தகத்தில் இந்தப் பாடம் இராது. சுவரில் சித்திரம் எழுதி முழங்கையால் இடிப்பதற்குள் இது அடங்குகிற வியாதியும் அல்ல.

பருப்பும் நர்ஸும்

மூன்றாவது கஷ்டம் சர்க்காரிடத்திலேயே இருக்கிறது. இதற்கு ராஜஸ்தானத்தில் உதயப்பூர் ஜில்லாவைப் போல் நல்ல உதாரணம் கிடையாது. அங்கே ஒரு வெற்றியும் ஒரு தோல்வியும் அடுத்தடுத்து நிகழ்ந்தன.

முதலில் வெற்றி. அங்குள்ள கிராமங்களில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி முழுவதும் போட்டுக்கொள்ளுகிறவர்கள் வெகு சொற்பம். சேவா மந்திர் என்னும் தொண்டு ஸ்தாபனத்துடன் சேர்ந்து, அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ முதலிய பொருளாதார அறிஞர்கள் 134 கிராமங்களில் ஒரு பரிசோதனை நடத்தினார்கள். சில கிராமங்களில் மாதந்தோறும் தவறாமல் தடுப்பூசி முகாம் நடத்தினார்கள். வேறு சிலவற்றில் முகாமுடன், ஒவ்வொரு ஊசிக்கும் 1 கிலோ பருப்பும், எல்லா ஊசியும் முடிந்ததும் சாப்பாட்டுத் தட்டுகளும் கொடுத்தார்கள். 2010-ல் முடிவு வெளியாயிற்று. ஒன்றும் செய்யாத கிராமங்களில் 6 சதவிகிதக் குழந்தைகள். முகாம் மட்டும் நடந்த இடங்களில் 18. பருப்பும் கொடுத்த இடங்களில் 39. பருப்புக்குச் செலவாயிற்றே என்கிறீர்களா? கூட்டம் அதிகம் வந்ததால், ஒரு குழந்தைக்கு முழுவதும் ஊசி போட ஆன செலவு பருப்புக் கொடுத்த இடத்தில் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது!

இதில் நாம் கவனிக்கவேண்டியது ஒன்று. தாய்மார்கள் தடுப்பூசிக்கு விரோதிகள் அல்லர். "இன்றைக்கு வேண்டாம், அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று தள்ளிப் போடுகிறவர்கள். முகாம் நிச்சயமாக நடக்கும் என்ற நம்பிக்கை ஏற்பட்டவுடனேயே மும்மடங்கானார்கள். பருப்பு பிறகு வந்த சமாசாரம். ஏன் நம்பிக்கை இல்லாமல் போயிற்று? சர்க்கார் சுகாதார நிலையத்துக்கு நடந்து போனால் நர்ஸ் இருக்கமாட்டாள்!

அந்த நர்ஸுகளை வேலைக்கு வரவழைக்கப் பார்த்ததுதான் தோல்வியின் கதை. அதே ஜில்லாவில், குறிப்பிட்ட நாளில் நர்ஸ் நிலையத்தில் இருந்தாள் என்பதற்கு அடையாளமாக நேரம் பதிக்கும் யந்திரம் வைத்தார்கள். வராவிட்டால் சம்பளத்தில் பிடித்தம். ஆரம்ப மாதங்களில் யந்திரம் அதிசயம் செய்தது. வராதவர்களின் தொகை வெகுவாகக் குறைந்தது. பிறகு சுகாதார அதிகாரிகள், "அன்றைக்கு வேறு வேலை இருந்தது" என்று விதிவிலக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். விதிவிலக்கு நாளுக்கு நாள் வளர்ந்தது. ஒன்றரை வருஷத்துக்குள் யந்திரம் வைத்த இடத்துக்கும் வைக்காத இடத்துக்கும் வித்தியாசமே இல்லை. 2008-ல் இதைப் பற்றி எழுதிய ஆராய்ச்சியாளர்கள், பிணத்துக்குக் கட்டுப் போட்டது போலாயிற்று என்று பொருள்படும் தலைப்பே கொடுத்துவிட்டார்கள்.

தாயாருடைய மனத்தை ஆராய நூறு பேர் இருக்கிறார்கள். அதிகாரியின் மனத்தை ஆராய்வது யார்? அவருக்கும் சோம்பல், மறதி, பழக்கம் எல்லாம் உண்டே! அமெரிக்காவில் 30 நகரசபைகள் செய்த 73 பரிசோதனைகளைப் பற்றிய ஆராய்ச்சி ஒன்று 2024-ல் வெளிவந்தது. பரிசோதனை முடிந்த பிறகு அந்த யோசனையை நடைமுறையில் வைத்துக்கொண்டவை நூற்றுக்கு 27 மட்டுமே. பலன் எவ்வளவு என்பது பெரிய காரணமாகத் தோன்றவில்லை. ஏற்கனவே போய்க்கொண்டிருந்த கடிதத்தில் செய்த திருத்தமானால் நிலைத்தது. புதிதாக ஆரம்பித்ததானால் மறைந்தது. பழக்கத்தை மாற்றப் புறப்பட்டவர்களைப் பழக்கமே வென்றுவிட்டது!

பெரிய வேலைக்குப் பதில் சிறிய வேலை

நான்காவது கஷ்டம்தான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகப் படுகிறது.

இறந்தபின் உறுப்புகளைத் தானம் செய்வதை எடுத்துக்கொள்ளுவோம். 2003-ல் வெளியான ஒரு பிரசித்தமான கட்டுரை, ஜெர்மனியில் தானத்துக்குச் சம்மதித்தவர்கள் 12 சதவிகிதம், பக்கத்திலுள்ள ஆஸ்திரியாவில் 99.98 சதவிகிதம் என்று காட்டியது. ஜெர்மனியில் "சம்மதம்" என்று எழுதிக் கொடுக்கவேண்டும். ஆஸ்திரியாவிலோ "சம்மதமில்லை" என்று எழுதிக் கொடுக்காவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். பார்த்தீர்களா, ஒரு பாரத்தின் மகிமையை!

ஆனால் பாரத்தில் உள்ள சம்மதம் ஆஸ்பத்திரியில் உறுப்பாகிவிடுவதில்லை. உறுப்பு தானத்தில் உலகத்துக்கே வழிகாட்டியான தேசம் ஸ்பெயின். சொல்லாவிட்டால் சம்மதம் என்னும் சட்டம் அங்கே 1979-லேயே வந்துவிட்டது. பத்து வருஷம் கழித்தும், 1989-ல், பத்து லட்சம் ஜனங்களுக்குச் சுமார் 14 பேருடைய உறுப்புகளே கிடைத்தன. அந்த வருஷம் ஒரு தேசிய ஸ்தாபனத்தை ஏற்படுத்தினார்கள். ஆஸ்பத்திரிதோறும் இந்த வேலைக்கென்று பயிற்சி பெற்ற வைத்தியர்களை நியமித்தார்கள். இறந்தவரின் குடும்பத்தாரிடம் எந்தச் சமயத்தில், எப்படிப் பேசவேண்டும் என்று கற்றுக்கொடுத்தார்கள். 2019-ல் அந்தத் தொகை சுமார் 49 ஆயிற்று. சட்டம் மாறவில்லை, நடைமுறையில் குடும்பத்தாரைக் கேட்காமல் எடுப்பதுமில்லை. வேலை செய்தது பாரம் அல்ல, மனிதர்கள்.

மனிதர்களை நியமிப்பதற்குப் பணம் வேண்டும், காலம் வேண்டும், பொறுமை வேண்டும். பாரத்தை மாற்றுவதற்கு ஒரு பேனா போதும். எது சுலபம் என்று மந்திரிகளுக்குச் சொல்லிக் கொடுக்கவேண்டுமா? பிரிட்டனில் பிரபுக்கள் சபையின் விஞ்ஞானக் கமிட்டி 2011-லேயே எச்சரித்தது: முழங்கை இடி மட்டும் தனியாக நின்றால் பயன் குறைவு; சட்டமும் மற்ற நடவடிக்கைகளும் சேர்ந்துதான் ஜனங்களின் நடத்தையை மாற்றமுடியும் என்பது அதன் முடிவு. 2022-ல் நிக் சேட்டர், ஜார்ஜ் லோவன்ஸ்டீன் என்னும் இரண்டு பேராசிரியர்கள், தாங்களே இந்தச் சாஸ்திரத்தை வளர்த்தவர்கள், ஒரு பாவமன்னிப்புப் பத்திரம் போன்ற கட்டுரை எழுதினார்கள். தனி மனிதனைத் திருத்துவதிலேயே கவனம் செலுத்தி, அவன் வாழும் ஏற்பாட்டைத் திருத்தவேண்டும் என்பதிலிருந்து உலகத்தின் பார்வையைத் திருப்பிவிட்டோம் என்பது அவர்கள் வாக்குமூலத்தின் சாரம். 2019-ல் வந்த மற்றொரு ஆராய்ச்சியும் இதற்குச் சாட்சி. புகை வெளியேற்றத்துக்கு வரி விதிக்கலாமா என்று கேட்டபோது ஆதரித்த ஜனங்கள், கூடவே ஒரு வலியில்லாத முழங்கை இடியையும் காட்டினால், வரிக்குத் தந்த ஆதரவைக் குறைத்துக்கொண்டார்கள்.

இன்னொரு ஆபத்து, சாஸ்திரத்தின் பெயரைச் சொல்லிக் காரியத்தைத் தள்ளிப்போடுவது. 2020 மார்ச்சில் கொரோனா வியாதி பரவியபோது, கட்டுப்பாடுகளைச் சீக்கிரம் விதித்தால் ஜனங்கள் சலித்துவிடுவார்கள் என்ற பேச்சு பிரிட்டிஷ் அதிகார வட்டாரத்தில் அடிபட்டது. இதற்கு ஆதாரம் எங்கே என்று 600-க்கு மேற்பட்ட நடத்தை சாஸ்திர நிபுணர்களே பகிரங்கக் கடிதம் எழுதிக் கேட்டார்கள். சாஸ்திரம் தெரிந்தவர்கள் தயங்கிய இடத்தில் சாஸ்திரத்தின் பெயர் மட்டும் தைரியமாகப் போய் நின்றது!

கடைசியாக ஒரு தர்மக் கேள்வியும் உண்டு. 2015-ல், வசதியுள்ளவர்கள் சமையல் வாயு மானியத்தை விட்டுக்கொடுக்கவேண்டும் என்று மத்திய சர்க்கார் பகிரங்கமாகக் கேட்டது. ஒரு வருஷத்துக்குள் 1 கோடி குடும்பங்கள் விட்டுக்கொடுத்தன. கேட்டது இன்னார், கேட்டது இன்னதற்காக என்று எல்லாருக்கும் தெரியும். வேண்டாமென்றவர்கள் வேண்டாமென்றார்கள். பிரஜையைப் பிரஜையாக மதித்துக் கேட்பது ஒன்று. அவன் அறியாமல் அவனுடைய பலவீனத்தைக்கொண்டே அவனைத் திருப்புவது வேறு. நல்ல காரியத்துக்குத்தான் என்றாலும், இடித்த முழங்கை யாருடையது என்று திரும்பிப் பார்க்கும் உரிமை ஜனநாயகத்தில் இடிபட்டவனுக்கு இருக்கவேண்டும்.

என் கடிதத்தின் முடிவு

இனி என் கதைக்கு வருகிறேன்.

கடிதம் அனுப்பிய ஏழெட்டுப் பேரில் ஒருவன் மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் வரவில்லை. நன்றாகப் படிக்கிற பையன். காய்ச்சலாயிருக்கும் என்று நினைத்தேன். நாலாம் நாள் இரவு ஒன்பது மணிக்கு அவனுடைய தாயார் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கம்பெனியிலிருந்து நேரே வந்திருக்கிறார், புடவையெல்லாம் பஞ்சு.

"உள்ளே வாங்க அம்மா, உட்காருங்க" என்றேன்.

"இருக்கட்டுங்க ஸார். கடுதாசி அனுப்பியிருந்தீங்களே, அதைச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேனுங்க. நீங்க எழுதினதிலே தப்பொண்ணுமில்லீங்க. புதன்கிழமை மூணு மணிக்குக் கூட்டம்னா, அரை நாள் கூலி போயிடுங்க. அடிக்கடி லீவு கேட்டா, வேறே ஆளை வெச்சுக்குவாங்க. அதனாலேதான் வர முடியறதில்லீங்க."

"அதை எனக்கு முன்னாலேயே சொல்லியிருக்கலாமே, அம்மா?"

"யாரும் கேட்கலீங்களே!" என்றார். கோபமாக அல்ல, சாதாரணமாகத்தான் சொன்னார். பிறகு சற்றுத் தயங்கி, "எனக்குப் படிக்கத் தெரியாதுங்க ஸார். அந்தக் கடுதாசியை அவன்தான் எனக்குப் படிச்சுக் காட்டினான். படிச்சுட்டு, 'எல்லார் வூட்லயும் வர்றாங்களாம், நீ ஒருத்திதான் வர்றதில்லையாமா'ன்னு அழுதானுங்க. அன்னையிலேருந்து பள்ளிக்கூடம் போக மாட்டேங்கறான்" என்றார்.

எனக்குப் பேச வாய் எழவில்லை. இங்கிலாந்தில் வரி பாக்கி வைத்தவனிடம் வேலை செய்த வாசகம் எங்கள் ஊரிலும் வேலை செய்தது உண்மை. மூன்று பேர் வந்தார்களே! ஆனால் அது யார் மேல் போய் விழுந்தது என்று நான் பார்க்கவில்லை. 'மிகச் சிலரில் தாங்கள் ஒருவர்' என்று நான் எழுதியபோது, அந்தச் சிலர் ஏன் சிலராயிருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால், திருத்தவேண்டியது பெற்றோருடைய மனத்தையல்ல, எங்கள் கூட்டத்தின் நேரத்தை என்று ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும்.

மறுநாள் காலையில் அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பையனிடம் பேசி அழைத்து வந்தேன். தலைமையாசிரியரிடம் சொல்லி, அடுத்த கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொண்டோம். ஆசிரியர்களில் சிலருக்கு முதலில் சம்மதமில்லை. விடுமுறை போகிறதே என்ற வருத்தம் நியாயமானதுதான். ஆனால் அன்று பெஞ்சு போதாமல் பக்கத்து வகுப்பிலிருந்து தூக்கிவரவேண்டியதாயிற்று. அந்தத் தாயாரும் வந்திருந்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, மகனுடைய மார்க்கை ஒவ்வொரு பாடமாகக் கேட்டுக்கொண்டு போனார். சாமர்த்தியமான கடிதம் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

நடத்தை சாஸ்திரத்தை நான் வெறுக்கவில்லை. ஹைஃபா காப்பகத்தின் பாடமும் உதயப்பூர்ப் பருப்பின் பாடமும் அந்தச் சாஸ்திரம் தந்தவைதாம். கடிதத்தின் வாசகத்தைத் திருத்துவதற்கு அது உதவும். கடிதம் எழுதுவதற்கு முன்னால் போய் விசாரித்து வரும் வேலையை அது செய்யாது. அந்த வேலை உபாத்தியாயருக்கும் உண்டு, கலெக்டருக்கும் உண்டு, மந்திரிக்கும் உண்டு.

அந்தப் பையன் இப்போது பதினோராம் வகுப்பில் படிக்கிறான். வழியில் கண்டால் வணக்கம் சொல்லுகிறான். ஆனால் என் கையில் ஏதாவது காகிதம் இருந்தால், அவனுடைய கண் முதலில் அந்தக் காகிதத்தின் மேல்தான் போகிறது.